ஏறி இறங்கும் உத்தியோகம்

எங்கள் சராசரி அக்காவுக்குக் காரில் ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. எங்கும் போக மாட்டார். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். இவர் கதவைத் திறப்பார், உட்காருவார், கதவைச் சாத்துவார், மறுபடி திறப்பார், இறங்குவார். பிறகு பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது முறை. இதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று கேட்கிறவர்கள் ஒரே ஒரு நாள் வந்து செய்து பார்க்கட்டும். இருபதாவது தடவையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கார்களை ஒப்பிட்டுச் சொல்வது எங்கள் நிறுவனத்தின் தொழில். கார் கம்பெனிகள் தங்கள் வண்டியையும் எதிராளிகளின் வண்டிகளையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எந்தக் கம்பெனி என்று தெரியாமலிருக்க முன்னும் பின்னும் கறுப்பு டேப் ஒட்டிவிடுவோம். சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த சிமெண்டுத் தரை, வரிசையாக டியூப்லைட், சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று மஞ்சள் கோடு, ஓரத்தில் சில நாற்காலிகள், ஒரு மர முக்காலி. இவ்வளவுதான் எங்கள் கூடம். மோட்டார் பத்திரிகைகளில் வருகிற மாதிரி மலைப்பாதையில் வண்டி வளைந்து போகும் என்று நினைத்து யாராவது வந்தால் ஏமாந்துபோவார்கள்.

உட்காருகிறவர்கள் மொத்தம் ஆறு பேர். நெட்டை என்று ஒருவர், ஆறடி மூன்று அங்குலம். எந்தக் காரில் ஏறினாலும் முதலில் கூரையில் ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் மதிப்பெண் சொல்வார். பொடிசு என்று ஒரு பெண்மணி. அவருக்கு பிரேக் எட்டினால் ஸ்டீயரிங் நெஞ்சில் இடிக்கும். இப்படி இரண்டு ஓரத்துக்கும் ஆள் உண்டு. நடுவில் அக்கா.

நடு என்றால் அப்படியொரு நடு. உயரம், இடுப்பு, கை நீளம், உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து முழங்கால் எத்தனை உயரம், எல்லாவற்றிலும் ஊர் உலகத்துப் பெண்களின் கணக்கை எடுத்து இரண்டாகப் பிரித்தால் சரியாக அந்தக் கோட்டில் அக்கா நிற்பார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். பள்ளிக்கூடப் போட்டோவில் எப்போதும் நடு வரிசை, அதிலும் நடு. செருப்புக் கடையில் இவர் அளவு மட்டும் தீர்ந்துபோயிருக்கும், ஏனென்றால் எல்லோருக்கும் அதே அளவு. கூட்டத்தில் தொலைந்தால் அடையாளம் சொல்லக்கூட ஒன்றும் இல்லாத பெண் என்று அவருடைய அம்மாவே அலுத்துக்கொள்வாராம்.

பதினொரு வருடத்துக்கு முன் அக்கா சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தார். எங்கள் கூடத்து ஆட்களுக்கு மேலங்கி கொடுக்க வந்தவரை எங்கள் மேனேஜர் அம்மா ஏற இறங்கப் பார்த்து, "கொஞ்சம் நில்லுங்க" என்று அளக்கும் டேப்பை எடுத்தார். அளக்க அளக்க அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, தனக்கு என்னவோ வியாதி என்று நினைத்துவிட்டதாக அக்கா சொல்வார். அடுத்த மாதமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் இப்போதும் அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு பெருமிதம் முகத்தில் வந்துவிடும். யாருக்கும் கண்ணில் படாத ஒன்றுக்காக ஒருவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள் என்றால் பெருமை இருக்காதா?

வெறும் உடம்பு வாகு மட்டும் அல்ல அவருடைய திறமை. மார்ச்சில் ஒரு காருக்கு ஏழு கொடுத்தால், அக்டோபரில் அதே காருக்கு வேறு வண்ணம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஏழுதான் கொடுப்பார். நெட்டைக்கு அது வராது. காலையில் வீட்டில் சண்டை என்றால் எல்லாக் காருக்கும் நாலு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதை சொல்கிறேன் என்று ஒரு விஷயத்தை மடியில் கட்டிக்கொண்டு கடைசியில் அவிழ்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அக்காவின் இடது முழங்கால் இரண்டு வருடமாக வலித்துக்கொண்டிருந்தது. எங்களிடம் ஒரு விதி: மூட்டு நோவு உள்ளவர்கள் உட்காரும் வேலையில் இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஒரு படிவத்தில் 'மூட்டு வலி உண்டா' என்று கேள்வி வரும். இரண்டு வருடமும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அவருக்கு அதுதான் பயம். எனக்கோ அப்போது ஒன்றும் தெரியாது.

தாழ்வாக, பின்னால் தனி டிக்கியோடு வரும் நடுத்தர அளவுச் செடான்களையும், அதே கம்பெனிகள் அதே விலையில் விற்கும் கிராஸ்ஓவர்களையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட வேண்டும் என்று பெரிய வேலை ஒன்று வந்தது. ஐந்து ஜோடி, பத்துக் கார்.

எனக்குக் கிராஸ்ஓவர் என்றாலே வயிற்றெரிச்சல். செடான் என்பது கார். கிராஸ்ஓவர் என்பது காருக்கு ஹைஹீல்ஸ் மாட்டிவிட்ட சமாச்சாரம். அடியில் அதே எஞ்சின், அதே கியர், பல சமயம் அதே சீட். ஆறு அங்குலம் தூக்கி வைத்துவிட்டு, காடு மலை ஏறப்போகிற மாதிரி ஒரு தோரணை. ஏறுவது என்னவோ சூப்பர்மார்க்கெட்டின் பார்க்கிங் மேடு. நானே பதினாலு வருடமாக ஒரு செடான்தான் வைத்திருக்கிறேன். திருப்பத்தில் அது தரையைப் பிடித்துக்கொண்டு போகிற சுகம் வேறு எதில் வரும்?

"உனக்குக் கார் போறப்ப நல்லா இருக்கணும் தம்பி. எனக்கு நின்னப்புறம் நல்லா இருக்கணும்" என்பார் அக்கா.

அதுவும் வாஸ்தவம்தான். செடானில் உட்காருவது என்பது பாதி விழுவது. தலையைக் குனிந்து, இடுப்பை முதலில் உள்ளே விட்டு, சீட் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே போக வேண்டும். இறங்கும்போது இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்திருக்கும். முழு உடம்பையும் தொடையும் முழங்காலும்தான் தூக்க வேண்டும். கிராஸ்ஓவரில் நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பைத் திருப்பினால் போதும். ஆனால் கதவுக்கடியில் அகலமான படி ஒன்று இருக்கிறது. மழை நாளில் அதிலுள்ள சேறு அப்படியே பேண்ட்டில் வந்துவிடும். டிக்கி விஷயமும் அப்படி இழுபறிதான். செடானின் டிக்கி ஆழம், பெட்டியை விளிம்புக்கு மேல் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். கிராஸ்ஓவரில் தள்ளினால் போதும், ஆனால் மேலே போன கதவை இழுத்துச் சாத்தப் பொடிசு எம்பிக் குதிக்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதுவதுதான் என் பிழைப்பு.

அக்காவின் வீட்டிலும் அந்தச் சமயம் இதே பேச்சுதான். அவருடைய வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். மெழுகில் பல் பல்லாக வரிசை பிடித்து உட்கார வைக்கிற மனிதருக்கு எந்தக் காரியத்திலும் அவசரம் கிடையாது. கார் வாங்குவதற்காக ஒன்றரை வருடமாக விளம்பரத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அவற்றுக்கு.

"முக்காவாசி செடானுக்கு நீ எட்டு குடுத்திருக்க. கிராஸ்ஓவருக்கும் எட்டு. ரெண்டும் எட்டுன்னா அழகா இருக்கறதை வாங்கிடலாம்ல?" என்று அவர் கேட்பார். மதிப்பெண்ணை வீட்டில் சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை எங்கள் ஆட்களில் ஒருவர்கூட மதித்ததில்லை.

"பாக்கலாம்" என்பார் அக்கா. ஒன்றரை வருடமாக அதே பதில்.

பத்துக் கார்களில் வெள்ளி நிறச் செடான் ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் தாழ்ந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. அதன் ஜோடி, நீலக் கிராஸ்ஓவர். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வெள்ளிச் செடானில் பத்து முறை ஏறி இறங்கினார். ஐந்து முறை கையை ஊன்றிக்கொண்டு இறங்கலாம், ஐந்து முறை கை வைக்காமல் இறங்க வேண்டும். கை வைக்காமல் இறங்கிய ஐந்தில் நான்கு தடவை 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

என் காது பாம்புக் காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கேட்டதை உடனே எழுத வேண்டும், உட்காருகிறவரிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது முறை. எழுதினேன்: 'இறங்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து டக் என்று சத்தம், பத்தில் நான்கு முறை.' பக்கத்திலிருந்த நீலக் கிராஸ்ஓவரில் அந்தச் சத்தம் இல்லை. 'இதில் இல்லை' என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் அறிக்கை அந்தக் காரைச் செய்த கம்பெனிக்குப் போய்விட்டது. எவ்வளவு பெரிய வேலை பார்த்திருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு சீட் என்ஜினியர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். கையில் இரண்டு பெட்டி நிறையச் சாமான். வணக்கம் சொன்ன கையோடு, "எந்தப் பக்கம் சத்தம்?" என்று கேட்டார்.

நெட்டையை உட்கார வைத்தார்கள். சத்தம் இல்லை. பொடிசை உட்கார வைத்தார்கள். இல்லை. அக்காவின் எடைக்கு மணல் மூட்டை கட்டி ஏற்றி இறக்கினார்கள். மூட்டை பேசாமல் இருந்தது. அக்காவை உட்கார வைத்தால் சில தடவை டக், சில தடவை இல்லை. என்ஜினியருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"சராசரி ஆளுக்கு மட்டும் வருதுன்னா அதுதாங்க ரொம்ப மோசம்" என்றார் என்னிடம். "வாங்குறவங்க எல்லாம் அந்த அளவுதானே."

சீட்டைக் கழற்றினார். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து ஒவ்வொரு திருகையும் வரிசையாக அடுக்கினார். சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடத்தை டார்ச் அடித்துத் தடவித் தடவிப் பார்த்தார். மறுபடி பூட்டினார், மறுபடி கழற்றினார். இரண்டு நாள் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார். போனில் அவருடைய மேலதிகாரி கத்துவது எங்கள் நாற்காலி வரை கேட்டது. அந்த சீட்டை வரைந்தவரே இந்த என்ஜினியர்தானாம். செடானுக்கும் கிராஸ்ஓவருக்கும் அதே சீட். அதில் குறை என்றால் இரண்டு வண்டியின் விற்பனையும் நின்றுவிடும்.

அக்கா அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்தேன். டீ கொண்டுவந்து கொடுத்தால் ஆறவிட்டுவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் ஒரு நாள் சொன்னார்: "ஒவ்வொரு திருகா அது துடைச்சு துடைச்சு வைக்குது தம்பி. எழுந்து போய் சொல்லிடலாம்னு நாலு தடவை நெனச்சேன். நாலு தடவையும் வேலை போயிடுமேன்னு உக்காந்துட்டேன்."

மூன்றாம் நாள் காலை. என்ஜினியர் சீட்டின் இரும்பில் ஒரு கருவியை ஒட்டி, காதில் மாட்டிக்கொண்டு, "கடைசியா ஒரு தடவை ஏறி இறங்குங்கம்மா, கை வைக்காம" என்றார். அக்கா ஏறினார். இறங்கும்போது உடம்பை ஒருக்களித்து, பாரத்தை எல்லாம் வலது காலில் போட்டு எழுந்தார். சத்தமே இல்லை. மறுபடி. மறுபடியும் இல்லை.

என்ஜினியர் காதிலிருந்ததைக் கழற்றினார். தரையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தார். "காரணம் கண்டுபிடிக்க முடியல. டிசைன்லயே கோளாறுன்னு எழுதிடறேன்" என்றார் யாரையும் பார்க்காமல்.

அக்கா ஓரத்திலிருந்த மர முக்காலியை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டார். அதில் உட்கார்ந்தார்.

"தம்பி, உன் காது நல்லாத்தானே இருக்கு? இங்க வா."

போனேன். அக்கா இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் பாரம் போட்டு நேராக எழுந்தார்.

டக்.

மறுபடி உட்கார்ந்து எழுந்தார். டக்.

"இது எந்தக் கம்பெனி சீட்டு?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட நோட்டை மூடச் சொல்லு. அது சீட்டு நல்லா இருக்கு. என் முட்டிதான் போயிடுச்சு."

நான் எழுதிய வரி ஒவ்வொரு எழுத்தாக என் கண் முன்னால் வந்து நின்றது. பாம்புக் காது. அந்தக் காதைப் பிய்த்து எறிந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

என்ஜினியர் முதலில் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று கோபம் வந்துவிட்டது. "ரெண்டு நாள் தூங்கலம்மா நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா. "தப்புதான்." வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

மேனேஜர் அம்மா அக்காவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு வருடக் கோப்புகள் மேசைமேல் இருந்தன. செடான், எட்டு. செடான், எட்டு. செடான், ஏழு. விரலை வைத்து வைத்து ஓட்டினார்.

"முட்டி ரெண்டு வருஷமா வலிக்குது. அப்போ இந்த எட்டெல்லாம் என்ன?"

அக்கா கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அது என் பழைய முட்டி குடுத்த மார்க்கு" என்றார்.

மேனேஜருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வலி வருவதற்கு முன்னால் ஒரு காரிலிருந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்பது அக்காவுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. ஒவ்வொரு செடானிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, நல்ல முழங்காலாக இருந்தால் இதற்கு என்ன கொடுத்திருப்போம் என்று யோசித்து, அதைச் சொல்லியிருக்கிறார். வலியைக் கழித்துவிட்டு மதிப்பெண்ணைச் சொன்னால் ஏமாற்று இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு பொய் சொல்ல இந்தத் தொழிலில் கைதேர்ந்த ஒருவரால்தான் முடியும்.

மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். "நாளையிலேருந்து வர வேண்டாம். அப்புறம் சொல்றேன்" என்றார்.

அன்றைக்கு நான்தான் அக்காவை வீட்டில் கொண்டுவிட்டேன். வீட்டு வாசலில் அவர் என் செடானிலிருந்து இறங்கினார். டக். பல வருடமாக வாரத்துக்கு இரண்டு நாளாவது என் காரில்தான் வீட்டுக்கு வருகிறார். வண்டி சூப்பர்தானே அக்கா என்று நானும் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்காரர் மேசையில் விளம்பரத் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்டயும் சொல்லலியே" என்றார் கடைசியில். "என்கிட்ட வர்றவங்க இப்படித்தான். செட்டு மாட்டிவிட்டு, வலிக்குதான்னு கேப்பேன். இல்லவே இல்லம்பாங்க. வீட்டுக்குப் போனதும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்குவாங்க. அவங்களுக்கு நான் யாரோ. உனக்குமா?" மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்க அவர் அக்காவோடு பேசவில்லை. மறுநாள் காலை அவரே எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனார். தேய்மானம்தான், இந்த வயதில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று டாக்டர் ஒரு பட்டையையும் சில பயிற்சிகளையும் கொடுத்தார்.

அக்கா வராத இரண்டு வாரமும் கூடம் எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்தெட்டு வயது, அதே அளவு, நல்ல பெண். ஐந்து செடானையும் அவரை வைத்துத் திரும்ப அளந்தோம். எட்டு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு. நான் அக்காவின் பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு. ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. தாள்களை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரி, பொய்யைக்கூடச் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. பொய் பொய்தானே?" என்றார். ஆனால் தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த சீட் என்ஜினியர் மறுபடி வந்தார். இந்தத் தடவை சாமான் பெட்டி இல்லை, ஒரு கோப்பு மட்டும். கோபமெல்லாம் ஆறியிருந்தது. மேனேஜரின் மேசையில் கோப்பை விரித்தார். அவர்களுடைய நடுத்தரச் செடானை வாங்குகிறவர்களின் வயது அதில் இருந்தது. பாதிப் பேருக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலர் அடுத்த தடவை கிராஸ்ஓவருக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை, காலத்தின் மோகம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"மோகம் இல்லங்க, முட்டி" என்றார் என்ஜினியர். "நீங்க எட்டு எட்டுன்னு எழுதி அனுப்பறீங்க, நாங்களும் நம்பிட்டு சீட்டை இன்னும் தாழ்த்திட்டே போறோம். உங்ககிட்ட உக்கார்ற ஆறு பேர்ல யாருக்காவது முட்டி வலிக்குமா?"

"வலிச்சா வெளிய அனுப்பிடுவோம்" என்றார் மேனேஜர். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது.

"உயரத்துல சராசரி எடுத்தீங்க, எடையில எடுத்தீங்க" என்றார் என்ஜினியர். "வாங்குறவங்களுக்கு வலிக்குது. அப்போ உங்க சராசரி யாரு?"

மேனேஜர் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை. விதிப் புத்தகத்தை எடுத்து மூட்டு நோவு பற்றிய வரியைப் பேனாவால் அடித்தார். அடித்துவிட்டு என்னைப் பார்த்து, "போன் பண்ணுங்க" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் எண் மறந்துபோய்விட்டது.

அக்கா வந்தார். முழங்காலில் பட்டை, பேண்ட்டுக்கு மேலேயே தெரிகிற மாதிரி. நெட்டை எழுந்து நாற்காலி கொடுத்தார். பொடிசு கட்டிக்கொண்டார். புதுப் பெண்ணும் இருக்கட்டும், இருபத்தெட்டுக்கு அவர், ஐம்பத்து மூன்றுக்கு அக்கா என்று முடிவாகியிருந்தது. மேனேஜர் அறைக் கதவைத் திறந்து, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

முதலில் நீலக் கிராஸ்ஓவர். அக்கா ஏறினார், இறங்கினார், பத்து முறை. "எட்டு" என்றார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பிறகு வெள்ளிச் செடான். கை வைக்காமல் ஐந்து. ஒவ்வொரு தடவையும் டக். அக்கா எதையும் ஒளிக்கவில்லை. ஒருக்களிக்கவில்லை, வலது காலுக்குப் பாரத்தை மாற்றவில்லை. ஐந்தாவது தடவை எழுந்து நின்றபோது கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடினார்.

"மார்க்கு?" என்று கேட்டேன்.

"நாலு."

என் பேனா அசையவில்லை. பத்துக் காரிலும் எனக்குப் பிடித்த கார் அது. அதன் கூரை பின்னால் இறங்குகிற அழகுக்கே நான் ஒன்பது கொடுப்பேன்.

"அஞ்சு போட்டுக்கட்டுமாக்கா?" என்றேன். வெட்கமில்லாமல் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் அந்தக் கூடத்தில் நின்று அவர் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சாதாரணமாகச் சொன்னார்.

"வலிக்குது தம்பி. நாலு."

நாலு என்று எழுதினேன். வலிக்கிறது என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.